தண்ணீர் குடித்த முகங்கள்

அக்கா,

உங்கள் படத்தை மாட்டச் சுவரில் ஓட்டை போடப் போய், ஆணி நிற்கிற ஓட்டைக்குப் பதில் எலி நுழைகிற ஓட்டை விழுந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு டிரில் பிடிக்கத் தெரியும் என்று யார் சொன்னார்களோ. அவர் மனம் நோகக் கூடாதென்று நானே கடைவீதிக்குப் போய் ஒரு பொட்டலம் பிளாஸ்டர் வாங்கி வந்து, உடைந்த கிண்ணம் ஒன்றில் குழைத்துப் பூசினேன். மிச்சம் கிண்ணத்தின் அடியில் கட்டியாகிவிட்டது. அதை வெயிலில் போட்டுவிட்டு மறந்தும் போனேன். நேற்று மத்தியானம் கிண்ணத்தைக் கழுவலாம் என்று அந்தக் கட்டியைத் தட்டி எடுத்துப் பக்கெட் தண்ணீரில் போட்டேன்.

ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. யாரோ பல்லிடுக்கில் மூச்சை உள்ளே இழுப்பது போல. தண்ணீரில் பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பின. உச்சி வெயில், அடுப்பில் குழம்பு, தெருவில் கோலமாவுக்காரர் குரல். அப்படியும் எனக்குப் பிடரி மயிர் சிலிர்த்துவிட்டது. 'அக்கா' என்று வாய்விட்டுக் கூப்பிட்டேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது. கூப்பிட்டால் வரமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வரும்போது, மூத்த மருமகளாக நீங்கள் இங்கே ஊறிப்போயிருந்தீர்கள். ஓரகத்தி என்றாலே ஒத்துவராது என்று எங்கள் வீட்டில் பயமுறுத்தித்தான் அனுப்பியிருந்தார்கள். நீங்களோ வாசலிலேயே என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "ஏன்டி, கல்லு கட்டிக் கொண்டாந்தியா?" என்றீர்கள். அன்றைக்கே என் பயம் போய்விட்டது.

நம் ஊர்த் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் அச்சில் களிமண் ஊற்றுகிற வேலை உங்களுக்கு. ஒருநாள் நான் சாப்பாடு கொண்டுவந்தபோது காட்டினீர்கள். பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். அதைச் சேர்த்து டியூப் ரப்பரால் கட்டி, மோர் போலக் கரைத்த களியை உள்ளே ஊற்றுவீர்கள். அச்சு அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரெல்லாம் களி தோல் போலப் படியும். மிச்சக் களியைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார். "அச்சு நல்லா தண்ணி குடிச்சாத்தான் பொம்மை நிக்கும்" என்றீர்கள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

உங்களுக்குக் குழந்தை இல்லை. என் மகள் பிறந்து, நான் தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள் முதல் அவள் உங்கள் மடியில்தான் கிடந்தாள். பசித்தால் மட்டும் என்னிடம் வருவாள், பால் குடித்ததும் உங்கள் பின்ரூமுக்குத் திரும்பிவிடுவாள். கம்பெனி விட்டு வந்ததும் கைகால் கழுவிக்கொண்டு, "எங்கடி என் மவ?" என்று கேட்டபடிதான் உள்ளே நுழைவீர்கள். எனக்கு அதில் பொறாமை வரவில்லை. நிம்மதியாகத் தூங்கினேன், உண்மை அதுதான்.

அந்த மழைக்காலத்தில்தான் வாடை வந்தது.

முதலில் எலி செத்திருக்கும் என்று பரணையெல்லாம் இறக்கிப் பார்த்தோம். எலி இல்லை. எலி செத்த வாடையும் இல்லை அது. கூழ்முட்டையை உடைத்தது போல. பின்ரூமில் மட்டும் வரும். காலையில் ஒருதரம், விளக்கு வைத்த பிறகு ஒருதரம், யாரோ நேரம் பார்த்து வந்து போகிறமாதிரி. நீங்கள் பாய் போடுகிற இடத்தில் சிவப்புத் தரை ஈரம் கட்டியது. துடைத்தால் போகும், மறுபடி அதே இடத்தில் வரும். ஈரம் காய்ந்த ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். ஒருநாள் காலை நான் கதவருகில் நின்று பார்த்தபோது, அந்த உப்புக் கோடு ஒருவர் ஒருக்களித்துப் படுத்திருக்கிற அளவுக்கு நீண்டிருந்தது. நான் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

நீங்கள் தினமும் அறையைக் கழுவினீர்கள். பினாயில், மஞ்சள் தண்ணீர், வேப்பிலை என்று என்னென்னமோ ஊற்றினீர்கள். கழுவக் கழுவ வாடை கூடியது. அப்புறம் உங்கள் காலில் கிடந்த கொலுசு கறுத்தது. பல்பொடி போட்டுத் தேய்த்தால் வெளுக்கும், நாலுநாளில் கரி பிடித்த சட்டி மாதிரி ஆகிவிடும். என் கொலுசு அப்படியே பளிச்சென்று இருந்தது. நம் மாமியார் அதைக் கவனித்தார். தெருவிலும் கவனித்தார்கள். அந்த வாடை வீசும் அறையில் உடுத்திப் படுக்கிறவர் நீங்கள், உங்கள் புடவையிலும் அது ஏறியிருந்தது. குழாயடியில் உங்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள்.

இதெல்லாம் போதாதென்று ஒருநாள் பூ கட்டும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள்: "கீழ யாரோ இருக்காங்கடி. நான் எந்தப் பக்கம் பொரண்டு படுத்தாலும் அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பி என்னையே பாக்குறாங்க." நான் இழுத்த இழுப்பில் நார் அறுந்தது. சமையல்கட்டில் அத்தை கரண்டியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அவர் காதிலும் விழுந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அத்தை கெட்டவர் இல்லை, பயந்தவர். வீட்டில் பெரியவர் பயந்துவிட்டால் அந்தப் பயம் சட்டமாகிவிடுகிறது. அன்று சாயங்காலம் நீங்கள் குழந்தைக்குக் கையை நீட்டியபோது, அத்தை நடுவில் வந்து அவளை வாங்கிக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு வேணாம். பச்சப்புள்ள, எதுனா தொத்திக்கும்" என்றார். உங்கள் கை நீட்டியபடியே நின்றது. உங்கள் வீட்டுக்காரர் செருப்பைத் தேடுகிறவர் போல வாசலுக்குப் போய்விட்டார். சித்திரை கழிந்ததும் உங்களைத் திட்டக்குடி பக்கம் உங்கள் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று அந்த வாரத்துக்குள் பேச்சு முளைத்தது. எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அத்தை கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தேன். "இந்தாங்க, புடிங்க. எவ என்னா சொல்றான்னு பாக்கறேன்" என்றேன். நீங்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டீர்கள்.

"வேணாம்டி. ஒருவேள எங்கிட்டதான் எதாச்சும் இருந்துச்சின்னா?"

அக்கா, அந்த வாடை கூட என்னை அப்படிப் பயமுறுத்தவில்லை. ஊர் சொன்னதை நீங்களே நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள் என்பதுதான் என்னை உலுக்கிவிட்டது. குழந்தை உங்களைப் பார்த்துக் கையையும் காலையும் உதைத்துக்கொண்டு அழுதது. நீங்கள் சுவரோடு ஒட்டி நின்றீர்கள்.

அதற்குப் பிறகுதான் நான் பிடிவாதம் பிடித்தேன். கூடத்தில் என் பக்கத்தில் வந்து படுக்கச் சொன்னேன். கொலுசு இரண்டையும் தேய்த்து வெளுக்கவைத்து, ஒன்றை உங்கள் காலிலேயே விட்டேன். மற்றதைப் பின்ரூம் தரையில் வைத்துக் கதவைச் சாத்தினேன். சில நாள் கழித்துத் திறந்தால், யார் காலிலும் இல்லாமல் தரையில் கிடந்த கொலுசு கன்னங்கரேல் என்று ஆகியிருந்தது. உங்கள் காலில் இருந்தது வெள்ளையாகவே இருந்தது. நான் குதித்தேன். "பாத்தீங்களா? உங்க ஒடம்புல ஒண்ணுமில்ல, வூட்டுலதான் இருக்குது!" நீங்கள் அந்தக் கறுத்த கொலுசைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இதுவும் என்னுதுதானேடி" என்றீர்கள். உங்களை என்ன செய்வது?

வெயில் ஏறியது. நம் வீட்டு மோட்டார் காயில் கருகிப்போய், ரிப்பேருக்குக் கொடுத்தது திரும்பி வருகிற வழியாக இல்லை. குளிப்பதும் துவைப்பதும் பக்கத்துத் தோட்டத்துப் போர்செட்டில் என்றாயிற்று. அதே சமயத்தில் அத்தை நல்லூர் பக்கத்திலிருந்து மந்திரிக்கிறவர் ஒருவரைக் கூட்டிவந்தார். அவர் பின்ரூம் நிலைப்படியில் ஒரு தகடு அடித்து, உங்கள் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டுப் போனார். ஈரம் பின்வாங்கியது. வாடை குறைந்து குறைந்து ஒருநாள் இல்லாமலே போனது. அத்தை முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நீங்கள் அறைக்குத் திரும்பிப் படுத்தீர்கள். குழந்தையை மட்டும் இன்னும் தரவில்லை, அமாவாசை கழியட்டும் என்றார் அத்தை.

அமாவாசைக்கு முன்னால் மோட்டார் வந்துவிட்டது.

குழாயில் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் நான் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, உள்ளே இருக்கும் குளியலறையில் அண்டா அண்டாவாக வெந்நீர் ஊற்றினேன். பின்ரூமும் குளியலறையும் ஒரே சுவர். நீங்கள் அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்தீர்கள். குழந்தையைத் துவட்டிக்கொண்டு நான் வெளியே வரும்போது, நீங்கள் தரையில் காதை வைத்துக் கவிழ்ந்து கிடந்தீர்கள். எனக்கு உயிர் போய் வந்தது. பேசாதே என்று கையைக் காட்டி என்னையும் பக்கத்தில் படுக்கச் சொன்னீர்கள்.

தரைக்கு அடியில் மூச்சு இழுக்கிற சத்தம். ஒன்று இல்லை, பல. ஒன்று முடிகிற இடத்தில் இன்னொன்று தொடங்கியது. கன்னத்தில் பட்ட தரை சில்லென்று இருந்தது. நான் குழந்தையை இறுக்கிக்கொண்டு எழுந்து ஓட இருந்தேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் முகத்தில் பயம் இல்லை. எத்தனையோ நாளுக்குப் பிறகு உங்கள் கண்ணில் அந்தப் பழைய குறும்பைப் பார்த்தேன்.

"ஏன்டி, இது தெனம் நான் கேக்குற சத்தம்டி. காஞ்ச அச்சு தண்ணி குடிக்குது."

அச்சு எப்படித் தரைக்குக் கீழே வரும் என்று எனக்குப் புரியவில்லை. பின்ரூம் தரைக்கு அடியில் என்ன போட்டு ரொப்பினார்கள் என்று அத்தையிடம் போய்க் கேட்டீர்கள். அவர் அரிசி புடைப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "அச்சு போட்டுத்தான் ரொப்புனாரு உங்க மாமா. கம்பெனில தேஞ்ச அச்ச சும்மாவே குடுப்பாங்க. மண்ணு வெல குடுத்து வாங்கணும், இது சும்மா. ஊரே அப்படித்தான் ரொப்புச்சு." மாமனார் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பின்ரூமின் கடைக்காலை அவர் ரொப்பியது உங்கள் கல்யாணத்துக்கும் முன்னால். பீங்கான் ஊரில் இருக்கிறவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். தண்ணீரை உறிஞ்சுவதற்கென்றே செய்த பொருளை வீட்டுக்கு அடியில் போட்டு, அதன்மேல் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

சரி, தண்ணீர் எங்கிருந்து போகிறது? சொட்டு நீலம் ஒரு பாட்டிலைப் பக்கெட்டில் கலந்து குளியலறையில் ஊற்றினோம். நான் தெருச் சாக்கடை ஓரம் போய் நின்றேன். ஊற்றியதில் ஏதோ பேருக்கு ஒரு நீலக் கீற்று வந்தது, மற்றதைக் காணவில்லை. மறுநாள் உங்கள் பாய்க்கு அடியில் பூத்திருந்த உப்பு, ஓரம் முழுக்க நீலமாகியிருந்தது. படுத்திருக்கும் அந்த உருவத்துக்கு யாரோ கோடு இழுத்துக் காட்டியது போல இருந்தது. காரணம் தெரிந்துதான் பார்த்தேன், அப்படியும் அதைத் தாண்டி உள்ளே போக எனக்குக் கால் வரவில்லை.

அந்தக் குளியலறை நான் வந்த பிறகு கட்டியது. கழிவுநீர் போகப் பதித்த பீங்கான் பைப்பும் சூளையில் விரிசல் விட்டதென்று கழித்துப்போட்ட சரக்குதான். குழந்தை பிறந்ததும் அந்த அறையில் புழங்கிய தண்ணீர் கொஞ்சமா? எண்ணெய், சோப்பு, சீயக்காய், பீத்துணி அலசியது எல்லாம் விரிசல் வழியே அச்சுக்குள் இறங்கி, காற்றில்லாமல் ஊறியிருக்கிறது. உங்களை என் மகளிடமிருந்து பிரித்தது என் மகள் குளித்த தண்ணீர். பிற்பாடு அவளே காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து விளக்கினாள். பிளாஸ்டருக்குள் கந்தகம் இருக்கிறதாம். அழுக்குத் தண்ணீரில் அடைந்து ஊறினால் கிருமிகள் அதிலிருந்து அந்த வாயுவைக் கிளப்புமாம், வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதுதானாம். நீங்கள் வாயைப் பிளந்து கேட்டீர்கள். "எம்மவ எவ்ளோ படிச்சிருக்கா பாருடி" என்பதுதான் அதில் உங்களுக்குக் கிடைத்த செய்தி.

தரையை உடைக்கிற அன்று கடப்பாரையை உங்கள் வீட்டுக்காரர் எடுத்தார். நீங்கள் அவர் கையிலிருந்து வாங்கி முதல் குத்தை நீங்களே போட்டீர்கள். அப்புறம் அவர் குத்தினார். சிவப்புத் தரை பிளந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடி, ஆற விட்டுத் திரும்பி வந்தோம். காலை வெயில் ஜன்னல் வழியாகச் சாய்வாகக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது.

குழி முழுக்க முகங்கள்.

கொலுவில் வைக்கிற செட்டியார், செட்டிச்சி, பிள்ளையார், குழல் ஊதுகிறவர். அச்சு என்பதால் எல்லாம் உள்வாங்கிய முகங்கள். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், கன்னம் இருக்க வேண்டிய இடத்தில் குழிவு. சிலதில் கறுப்புச் சேறு தேங்கியிருந்தது. உங்கள் பாய் இருந்த இடத்துக்கு நேர் கீழே பாதிக்கு மேல் தவழும் கண்ணன் முகம். உங்கள் வீட்டுக்காரர் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். நான் குழியைச் சுற்றி மறுபக்கம் போனேன். உள்வாங்கிய அந்த முகங்கள், பார்க்கப் பார்க்க வெளியே புடைத்துக்கொண்டு வந்தன. நான் நடக்க நடக்க என் பக்கமே திரும்பின. நின்றேன், நின்றன. இந்தப் பக்கம் வந்தேன், இந்தப் பக்கம் வந்தன.

அத்தையும் அதைப் பார்த்தார். ஓரடி இடப்பக்கம் வைத்தார், ஓரடி வலப்பக்கம் வைத்தார். பிறகு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். "இதத்தான் சொன்னாளா எம்மருமவ" என்றார். உள்வாங்கிய முகத்தைக் கண் அப்படித்தான் ஏமாந்து பார்க்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். ஆனால் ஒன்று மட்டும் இதுவரை விளங்கவில்லை. தரை மூடியிருக்கும்போது, அடியில் அச்சு இருப்பதே தெரியாதபோது, அவை திரும்புவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பல வருஷம் கழித்து ஒருமுறை கேட்டேன். "தெரியலடி. பாக்குறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுச்சி" என்று சொல்லிவிட்டு முருங்கைக்கீரையை ஆயத் தொடங்கிவிட்டீர்கள்.

அச்செல்லாம் டிராக்டரில் போனது. புது பைப், ஆற்று மணல், புதுத் தரை. வாடை திரும்பவே இல்லை. ஆனால் நான் சொல்ல வந்தது குழி திறந்திருந்த அந்தக் காலையைப் பற்றி. அத்தை எழுந்து உள்ளே போய், தூளியில் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் முன்னால் நீட்டினார். "புடிம்மா. ஒம் மேல ஒண்ணுமில்ல. இப்பதான் தெரிஞ்சிபோச்சே" என்றார். நீங்கள் உடனே வாங்கவில்லை. கையில் இருந்த மண்ணைப் புடவையில் துடைத்தீர்கள், துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

"தெரியலன்னா, அத்தை? இதத் தோண்டியும் ஒண்ணும் கெடைக்கலன்னா?"

அத்தை குழந்தையை நீட்டியபடியே நின்றார். "உங்களச் சொல்லி என்னா பண்றது? நானே என்ன நம்பலியே" என்று சொல்லிக் குழந்தையை வாங்கி, அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டீர்கள். நீங்கள் அழுத சத்தம் அவளுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியிருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

வாடை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. நீங்கள் கேட்ட அந்தக் கேள்வி எனக்குள் இறங்க வெகுகாலம் ஆயிற்று. இறங்கிய பிறகு அது போகவில்லை. ஒருவருக்கு நாம் காட்டுகிற பிரியம் கடப்பாரைக்குக் காத்திருக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லிக்கொள்வது சுலபம்.

போன வாரம் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்தெருப் பக்கம் போனேன். அங்கே ஒரு வீட்டில் புதிதாக வந்த மருமகளைப் பற்றி ஏதேதோ பேசுகிறார்கள். அவள் வந்தபிறகுதான் வீட்டில் நாற்றமாம், அவள் படுக்கிற இடம்தான் ஈரமாகிறதாம். நான் போனபோது வாசல்படியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து அந்தக் கூழ்முட்டை வாடை என் மூக்கில் ஏறியது. பேரன் அவளைப் பார்த்துத் தாவினான். அவள் பதறிப்போய் நகர்ந்து, "வேணாம் ஆன்ட்டி, எங்க வூட்டுல திட்டுவாங்க" என்றாள். உள்ளே அவள் மாமியார் கதவுக்குப் பின்னால் நிற்பது நிழலில் தெரிந்தது.

எனக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, அச்சு, பைப்பு, நீலம் என்று எல்லாம். அதை அடக்கிக்கொண்டு படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் பேரனை அவள் மடியில் வைத்தேன். அவள் கை அவனைச் சுற்றிப் பிடிக்கும்வரை பேசாமல் இருந்தேன். அதற்கப்புறம்தான் தரையைப் பற்றிக் கேட்டேன், அக்கா.